ஏறுநீர்

வியாழன் காலை ஹார்லிங்கனில் சாய்மழை.
கூட்ட மேசைமேல் வளைந்த ஆன்டெனா ஒன்று.
காப்பீட்டுக்குப் படம் எடுத்து முடித்ததும்
படகுக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம்.
"இது உங்களுடையது" என்றாராம்.

படகின் பெயர் ரெய்கர், நாரை என்று பொருள்.
தலை குனியாத நாரை.
பாலத்தடியில் மூன்று மீட்டர் நாற்பது என்றது நம் திரை.
இருந்ததோ மூன்று மீட்டர் ஐந்து.
மிச்சத்தை வாடன் கடல் நிரப்பியிருந்தது,
அட்டவணையில் அச்சிட்ட அதே நேரத்துக்கு.

விப்ரென் இடைமுகத்தைத் திரையில் விரித்தான்.
பாலம்.
திற. மூடு. மணியடி.
வினைச்சொற்களின் பந்தியில்
அழைக்காமல் வந்து உட்கார்ந்த ஒரு பெயர்ச்சொல்:
உயரம்.

"இதை முளையிலேயே கிள்ளியிருக்க வேண்டும்.
இடைமுகம் என்பது வாக்கு.
என்ன செய்வாய் என்று கேட்கலாம்,
மடியில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாமா?
பண்பு என்று பெயரிட்டோம்,
சொத்து என்று எண்ணிக்கொண்டார்கள்.
சொத்தென்றால் பூட்டித்தானே வைப்பார்கள்?"

பூட்டியவள் நான்.
அந்த வாக்குக்குக் கட்டுப்பட்ட வகுப்புகள் நான்கு,
நான்காவது என்னுடையது.
விடிகாலை உணரியிடம் ஒருமுறை கேட்டு
விடையை ஒரு மாறியில் போட்டு வைத்தேன்.
புள்ளிக்குப் பின் ஒரே சொல்,
அடைப்புக்குறிகூட இல்லை.
அத்தனை மலிவாய்த் தெரிந்தால்
உள்ளே கடல் இருக்கும் என்று யார் நினைப்பார்?

டௌட்சன் ஈர மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.
"பண்பு பெட்டி இல்லை, கேள்வி.
விடையை எங்கிருந்து எடுப்பாய் என்று
இடைமுகம் கேட்டதா?
உயரம் என்பதை உயரத்தைக்கொடு என்று மாற்றி
வாலில் இரண்டு அடைப்புக்குறி மாட்டிவிட்டால்
சோம்பேறி சுறுசுறுப்பாகிவிடுவாளா?"
என்னைப் பார்க்காமல் சொன்னாள்.
அது அவள் தயவு.

பிறகு திரையைத் தொட்டாள்.
உயரம், அதன் பக்கத்தில் இரண்டு சிறு சொற்கள்:
பெறு. இடு.
"இந்த இடு யாருடையது?"
வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும்
கடலுக்கு மட்டம் குறிக்கலாமாம்!
அறை சிரித்தது.
சியுர்டியே சிரிக்கவில்லை.
சோதனைக்கு வசதி என்று கேட்டு வாங்கியது அவள்.

மதியம் பாலத்துக்குப் போனேன், ரொட்டியோடு.
தூணில் வெள்ளைப் பலகை, கறுப்பு எண்கள்,
கீழே போகப்போகக் கூடுகிறவை.
அந்தப் பலகையிடம் உயரம் இல்லை.
எல்லா உயரங்களும் எழுதியிருக்கின்றன,
எது என்று தண்ணீர் தொட்டுச் சொல்கிறது.
நான் ரொட்டி தின்று முடிப்பதற்குள்
ஓர் எண் முழுகிப்போனது.

உயரம் பெயர்ச்சொல்தான்.
தோலை உரித்தால் உள்ளே
உயர் என்ற வினை விழித்திருக்கிறது.
ஏறுநீர் என்று ஒரு சொல்:
ஏறிய நீர், ஏறுகின்ற நீர், ஏறப்போகும் நீர்,
மூன்று காலமும் ஒன்றாய்ச் சுருண்டு கிடக்கும்.
அதிலிருந்து இறந்தகாலத்தை மட்டும் உருவி
நாள்முழுக்கப் பரிமாறியிருக்கிறேன்.

மாலையில் கேட்டேன்:
உயரத்தை விட்டுவிடுவோம்,
எந்த நேரத்து உயரம் என்று கேட்க வைப்போமா?
நேரம் சொல்லாதவருக்கு விடை கிடையாது.
வினையாகிவிட்டது பார் என்றான் விப்ரென்.
கேள்விதான் என்றேனே என்றாள் டௌட்சன்.
இருவரும் வென்ற முகத்தோடு
இடு-வை அழித்தார்கள்.

நீளம் மட்டும் பண்பாகவே இருக்கட்டும்,
அது மாறாது என்று முடிவானது.
சியுர்டியே குடையை எடுத்துக்கொண்டே சொன்னாள்:
"ஜூலையில் இரும்பு உப்பும்.
போன வருடம் பாலம் மூட மறுத்தபோது
தீயணைப்புப் படகு வந்து
தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்தது."

யாரும் பேசவில்லை.
திரையில் அந்தச் சொல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.
நீளம்.
அதற்குள் நீள்.